ஃப்ளெக்ஸில் சிவந்த இறால்

எங்கள் உயிரியல் சங்கத்து வேன் மரக்காணம் திருப்பத்தில் வேகம் குறைந்ததும் உள்ளே ஒரே சிரிப்பு. நானும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என் முகம். பக்கத்தில் செக்கச்செவேலென்று மீசை முறுக்கிய இறால் ஒன்று. 'உலகமே வியக்கும் புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்த உப்பளத்து விஞ்ஞானியே! மரக்காணத்தின் மகுடமே! வருக வருக!'

யா அல்லாஹ், மானம் கப்பலேறிவிட்டது. நான் ஆராய்ந்தது உப்பளத்து நீரில் நீந்தும் ஆர்ட்டீமியா என்ற பொடி இறால். பார்த்தால் அரிசிமணி நீளம்தான் இருக்கும், மேலே ஓடுகூடக் கிடையாது. ஃப்ளெக்ஸில் இருந்ததோ ஓட்டல்காரன் மசாலா தடவக் காத்திருக்கும் இறால், அதுவும் வெந்தது!

வைத்தது யாரென்று கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் அஸ்லம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எது அடித்தாலும் பிழை பார்க்கச் சொல்லி எனக்குப் போனில் அனுப்பிவிடுவார். இதை மட்டும் அனுப்பவில்லை. "பொம்பள போட்டோவ ரோட்டுல தொங்கவிடுவியாடா?" என்று முந்தின நாள் அவருடைய அண்ணன் போனில் கத்தியதும், "எம் பொண்டாட்டி பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்ணே" என்று இவர் சொன்னதும் எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.

தப்பு என் மேலும் இருக்கிறது. "ஞாயித்துக்கிழமை மரக்காணத்துல சங்கக் கூட்டம். புது எறா இனம் ஒண்ணப் பத்தி என் கட்டுரைய வாசிக்கறேன்" என்று மட்டும்தான் அவரிடம் சொன்னேன். அவருக்குத் தெரிந்த சங்கம் வியாபாரிகள் சங்கம். அங்கே ஒன்றை வாசித்தால் கைதட்டுவார்கள், தீர்மானம் நிறைவேறிவிடும், டீ வரும். எங்கள் சங்கத்தில் வாசித்து முடித்த பிறகுதான் கேள்வியே ஆரம்பிக்கும் என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் புதுச்சேரிக் கூட்டத்துக்கு எங்கள் ஊர் கூனிமேட்டில் பஸ் ஏற்றிவிடுவது அவர்தான். ஒரு நாளாவது "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறேனா? இல்லை. சங்கத்தில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது.

"யாரு மேடம் இந்த வேலையப் பண்ணது?" என்று கேட்டாள் சங்கத்தின் செயலாளர் யுவராணி. சிரிப்பை அடக்கியதில் அவள் கண்ணில் தண்ணீரே வந்திருந்தது.

"தெரியலைங்க. எவனோ கடைக்காரன் தெரியாம வெச்சிட்டான் போல," என்றேன்.

வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன்.

கூட்டம் நடந்த மண்டபத்து வாசலில் அஸ்லம் பிரியாணி தேக்சாவோடு நின்றிருந்தார். சாப்பாடு தன் பொறுப்பு என்று அவராகவே என்னிடம் ஏற்றுக்கொண்டிருந்தார். சங்கத்தில் நான், சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாயிற்று என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். என்னைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். பின்னால் வந்த யாரோ "அந்த வறுவல் எறா..." என்று ஆரம்பிக்க, மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

கட்டுரையை வாசித்தேன். உப்பு மிக அதிகமாக ஏறிய பாத்தியில் வாழும் ஆர்ட்டீமியாவுக்கு வால் நுனியில் முடி இல்லை, ஆகவே இது தனி இனம் என்பது என் கட்சி. யுவராணி கையைத் தூக்கினாள். வாசிப்பதற்கு முன் மாதிரி அனுப்ப வேண்டும் என்பது சங்கத்து விதி. நான் ஜாடியில் உயிரோடு அனுப்பியிருந்ததை அவள் சும்மா வைத்திருக்கவில்லை.

"உப்பு கம்மியான தண்ணியில குஞ்சு பொரிக்கவெச்சு வளத்தேன் மேடம். எல்லாத்துக்கும் வாலுல முடி இருக்குது," என்று திரையில் படத்தைக் காட்டினாள். "இது வேற இனம் இல்ல. அதே ஆர்ட்டீமியாதான். தண்ணிக்குத் தக்கபடி வால் மாறுது."

காது மடல் எரிந்தது. நானே செய்து பார்த்திருக்க வேண்டிய சோதனை அது. பேருக்கு ஆசைப்பட்டு அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. சங்கத் தலைவர் தேசப்பன் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நண்டு என்றால் உயிரை விடுவார். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"உப்பு ஏற ஏற வால் எப்படி மாறுதுன்னு எழுதுங்க மேடம், யுவராணியும் சேந்துக்கட்டும். இதுல வெக்கப்பட என்ன இருக்குது? நான் கூடத்தான் ஒரே நண்டுக்கு ரெண்டு பேரு வெச்சு மாட்டிக்கிட்டேன். தனியா உக்காந்திருந்தா எல்லாருமே புது இனம்தான் கண்டுபிடிப்போம். அதுக்குத்தானே சங்கம்."

பெருந்தன்மையான பேச்சுதான். எனக்கோ அது பாதிதான் காதில் விழுந்தது.

சாப்பாட்டுக்கு வராந்தாவில் வெள்ளையாக ஒரு விரிப்பு விரித்திருந்தார்கள். உட்காரும்போது ஓரம் மடிந்திருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மீசை தெரிந்தது. நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் போய் ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து குப்புறப் போட்டிருக்கிறார். என் முகத்தின் மேல் சங்கமே உட்கார்ந்து சாப்பிட்டது. கரண்டியோடு வந்த அஸ்லம் என் தட்டைத் தாண்டும்போது, "மேடம், இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களா?" என்றார்.

மேடமாம். கட்டின புருஷன். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

கூட்டத்தை முடிக்கும் முன் தலைவர் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார். "இன்னைக்குப் பேசினதுல யாருக்காவது திருத்தம் உண்டா?"

எழுந்தேன்.

"எனக்கு ஒண்ணு இருக்குதுங்க. வேன்ல ஃப்ளெக்ஸ் வெச்சது யாருன்னு கேட்டீங்க. தெரியாதுன்னு சொன்னேன். அது பொய். வெச்சது என் வீட்டுக்காரரு. வெளிய நமக்கெல்லாம் சோறு போட்டாரே, அவருதான்."

தேசப்பன் என்னையே பார்த்தார்.

"உள்ளூர் ஆளாச்சேன்னு காலையிலயே அவர்கிட்ட ஃப்ளெக்ஸப் பத்திக் கேட்டேன்மா," என்றார் மெதுவாக. "'நான் சமையல் ஆளுங்க, மேடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, எவனோ கடைக்காரன் தெரியாம வெச்சிட்டான், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு சொன்னாரு."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு ஓடினேன். அஸ்லம் குழாயடியில் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பின்னால் சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்து நின்றது தெரிந்தது.

"ஏங்க," என்று சத்தமாகவே கூப்பிட்டேன். "உள்ள வாங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று திரும்பித் தன் பின்னால் பார்த்தார்.