எண்பத்தேழாம் நம்பர்

நம்பர் பெரிசாக வரவேண்டும், முருகா. ஐம்பதுக்குக் கீழே வந்தால் பத்து மணிக்கே எல்லாம் முடிந்துபோகும். அப்புறம் பஸ் ஏறி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் நம்பர் வாங்கும் வரிசையில் நின்ற இராஜம்மா இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். வேண்டியதோடு விடவில்லை. பின்னால் கைக்குழந்தையோடு வந்த மலாய்க்காரியை முன்னால் அனுப்பினாள். தடி ஊன்றி வந்த சீனக் கிழவரை அனுப்பினாள். ஒரு அவசரமும் இல்லாதவர்களையும் அனுப்பினாள்.

“என்னக்கா, எல்லாருக்கும் வழி விடுறீங்க? எலெக்சன்ல நிக்கப் போறீங்களா?” என்றாள் அந்தப் பக்கம் போன தாதி மார்க்கிரட்.

இராஜம்மா சிரித்து வைத்தாள். எண்பத்தேழு கிடைத்தது.

மகள் சந்திரகலாவுக்கு ஒன்பது வயது. போன வருஷம் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தையும் தொட்டுவிட்டதால் பள்ளிக்கூடத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாதம் ஒரு ஊசி. இராஜம்மாவே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். கணவன் நாகையா ஜொகூருக்கு லோரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வருவான், தூங்குவான், போவான். காப்பாரில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் மகள் பள்ளிக்குப் போன நாள்களில், இராஜம்மா மத்தியானம் வரை வாயே திறக்காமல் இருந்திருக்கிறாள். இந்த ஒரு வருஷமாகத்தான் ‘ஏன்?’ என்று கேட்க ஓர் ஆள்.

ஊசி நாளுக்கென்றே ஒரு பச்சை அட்டை நோட்டு வைத்திருந்தாள். பஸ்ஸில் பூகோளம், காத்திருக்கும்போது கணக்கு, ஊசிக்குப் பிறகு பார்ப்பதற்கு ஓர் இடம். எல்லாக் கேள்விகளையும் முதல் நாளே எழுதி வைத்துவிடுவாள்.

“இப்ப முப்பத்தொண்ணு கூப்பிட்டாங்க. பத்து நிமிஷத்துக்கு நாலு பேரு போறாங்க. நம்மள எத்தன மணிக்குக் கூப்பிடுவாங்க?”

சந்திரகலா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது பத்து. விரல் மடக்கினாள். “பதினொண்ணரை.”

“தப்பு. அவங்க தேத்தண்ணி குடிக்கப் போற இருபது நிமிஷத்த யாரு கூட்டுறது?”

“அத கேள்வியிலயே சொல்லலியே! ஏமாத்துறீங்கம்மா!”

இருவரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினொன்று ஐம்பதுக்குத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் நெடுநேரம் குழலை வைத்துக் கேட்டார். மலாயில் ஏதோ சொல்லிக்கொண்டே எழுதினார். மார்க்கிரட் முகம் மலர்ந்து தமிழில் சொன்னாள்.

“நல்ல சேதிக்கா. நெஞ்சுல இருந்த சத்தம் போயிருச்சு. திங்கக்கிழமை ஸ்கூல் திறக்குதுல்ல, போகலாமாம். இந்த லெட்டர தலைமையாசிரியர்கிட்ட குடுத்துருங்க. இது இல்லாம சேக்க மாட்டாங்க. ஊசிய இனிமே உங்க வீட்டுப் பக்கம் கிள்ளான்லயே போட்டுக்கலாம், இவ்ளோ தூரம் அலைய வேணாம்.”

“அலைச்சல் ஒண்ணும் இல்ல,” என்றாள் இராஜம்மா. அது யார் காதிலும் விழவில்லை.

நோட்டில் இன்றைக்கு எழுதியிருந்த இடம், ஜாமெக் மசூதிக்குப் பின்னால் இரண்டு ஆறுகள் சேரும் முனை. பாலத்தின் மேல் நின்று காட்டினாள்.

“இந்தத் தண்ணிதான் நம்ம கிள்ளானுக்கு வருது. இங்க ஒரு இலையப் போட்டா அங்க எப்ப வந்து சேரும், சொல்லு?”

சந்திரகலா ஆற்றைப் பார்க்கவில்லை. “ஒரு கிளாஸ்ல எத்தன பேரும்மா இருப்பாங்க?”

“நாப்பது இருக்கும்.”

“நாப்பது பேரு!” கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். ஒரு வருஷமாக அவள் குதித்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று இராஜம்மாவுக்குத் தெரிந்தது. நாற்பது பேருக்கு நடுவே மகள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். கூடவே, பத்து மணி வெயிலில் தன் வீட்டு வாசலும் தெரிந்தது.

கிள்ளான் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலைக்கு மேலே கட்டிய பெரிய அலங்கார வளைவு வந்தது. அதைத் தாண்டினால் சிலாங்கூர் மாநிலம். வழக்கமாக அங்கே ஒரு கேள்வி உண்டு. இராஜம்மா பையிலிருந்த நோட்டை எடுக்கவில்லை. லெட்டர் அதற்குள்தான் இருந்தது.

“அம்மா, லெட்டர நான் வச்சுக்கிறேன். திங்கக்கிழமை நானே சார்கிட்ட குடுக்கிறேன். குடுங்கம்மா.”

சிறிய கை நீண்டு காத்திருந்தது.

இராஜம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறு கையால் பையின் வாயை மூடினாள்.

“இல்லம்மா,” என்றாள் மெதுவாக. “அது எங்கிட்டயே இருக்கட்டும்.”