கோபத்துக்குக் கடிக்கும் மீன்

செஞ்சியில், சங்கராபரணி ஆற்றில் சால்மன் மீன் ஏறத் தொடங்கிய அதே ஐப்பசியில்தான் எழிலரசன் தன் மனைவி அமலாவிடம் பேசுவதை நிறுத்தினான். முதலாவதை ஊர் அதிசயம் என்றது, இரண்டாவதைக் குடும்ப விஷயம் என்றது. மீன்கள் புதுச்சேரிக் கடலிலிருந்து வந்தன. வீடூர் அணையை எப்படித் தாண்டின என்று கேட்டவர்கள் உண்டு, தாண்டின, அவ்வளவுதான். தான் பிறந்த இடத்தைத் தேடித்தான் இந்த மீன் ஆற்றில் ஏறும் என்று செல்போன் பழுது பார்க்கும் ராமகிருஷ்ணன் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார். செஞ்சிதான் பிறந்த ஊர் என்று மீனே முடிவு செய்துவிட்ட பிறகு அதனிடம் ரேஷன் கார்டா கேட்க முடியும்? உடம்பு சிவந்த சால்மன் ஒரு வகை, தேய்த்து வைத்த குடம் மாதிரிப் பளபளக்கும் ஸ்டீல்ஹெட் இன்னொரு வகை. அந்தப் பெயர் வாயில் நுழையாததால் ஊர் அதைச் சில்வர் தலையன் என்றது. அந்த வாரம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டைகள் நனைந்து கடலை முளைவிட்டிருந்தது, அதனால் வியாபாரிகளுக்கு மீனைப் பற்றிப் பேச நேரமில்லை.

வலை போட்டவர்களின் வலை, ஆற்றுக்குள் போய்விட்டு உலர்ந்த துணியாக வெளியே வந்தது. சரி, தூண்டில் போடலாம் என்றார்கள். வந்தவர்களைப் பட்டினி போடுகிற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. மண்புழு, கோதுமை மாவு, மல்லாட்டைப் புண்ணாக்கு, அவித்த முட்டை, சிங்கவரத்தில் ஒரு காதுகுத்தில் மீந்த பிரியாணி வரை முள்ளில் குத்திப் போட்டும் மீன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆற்றில் ஏறத் தொடங்கிவிட்டால் அது எதையும் தின்னாது என்று ராமகிருஷ்ணன் அடுத்த வீடியோவைப் பார்த்துச் சொன்னதும்தான் ஊருக்கு விளங்கியது: விரதம். அமாவாசைதோறும் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கு விரதம் தெரியாதா? விரதம் இருப்பவருக்குப் பசியை அடக்கிவிட முடியும், கோபத்தைத்தான் அடக்க முடியாது. அந்த மீனும் அப்படியே. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, ஆற்றின் குறுக்கே வீசி, ஓட்டத்தோடு வளைந்து அதன் மூக்குக்கு முன்னால் போகவிட்டால், தின்பதற்காக அல்ல, சனியனே தொலை என்று ஒரு கடி கடிக்கும். விரதத்தில் இருப்பதைக் குழம்பு வைப்பது பாவம் என்பதால், பிடித்த மீனுக்கு மஞ்சள் தடவி ஆற்றிலேயே விட்டுவிடுவது வழக்கமாயிற்று.

அந்தப் பூச்சிகளைக் கட்டியவள் அமலா. காந்தி பஜாரில் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்கிற கடை அவளுடையது. தையல் மிஷினின் பாதத்துக்கு அடியில் முள்ளைக் கவ்வ வைத்து, சேவலின் கழுத்து இறகு, ஆட்டு வால்முடி, ஜரிகை என்று சுற்றி முடிப்பாள். யாருக்கு எது பொருந்தும் என்று ஜாக்கெட்டுக்குப் பார்க்கிற அதே கண்ணால் ஆற்றையும் பார்த்தாள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் பெரியது, ஆரஞ்சு, ஜரிகை தூக்கலாக. தெளிந்து இறங்கிவிட்டால் சின்னது, கறுப்பு, அலட்டல் இல்லாமல். மூன்றே வருடத்தில் அவலூர்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. கோட்டை பார்க்க வந்தவர்கள் ராஜகிரியில் பாதி ஏறி மூச்சு வாங்கிவிட்டு, மீதி நேரத்துக்கு அவள் கடைக்கு வந்தார்கள்.

எழிலரசன் வயரிங் வேலை செய்பவன். அவன் பேச்சை நிறுத்திய காரணம் ஊருக்கே தெரியும். அவன் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சுவிட்சைப் போட்டதும் மொத்த வீடும் இருண்டது. அமலா சிரித்துக்கொண்டே, "இவுரு வயரிங் பண்ணா இங்க சுவிட்ச போட்டா பக்கத்து வூட்ல பேன் சுத்தும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்து முடித்து மூடிய வாயை அவளிடம் மட்டும் திறக்கவே இல்லை. அவள் தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், வெல்லம் போட்ட கொழுக்கட்டை செய்தாள். அவன் தின்றான், தட்டைக் கழுவி வைத்தான், போனான். நான்கு வருடம். திட்டினால்கூடப் போதும் என்று அவள் ஏங்கினாள், ஒரே ஒரு வார்த்தைக்கு.

ஐந்தாம் ஐப்பசியில் சிங்கவரம் பக்கத்துத் தரைப்பாலத்துக்குக் கீழே, பாறை மறைவில், கை நீளத்துக்கு ஒரு சில்வர் தலையன் வந்து நின்றது. எழிலரசன் அதன்மேல் பைத்தியமானான். வேலை முடிந்ததும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நிற்பான். பூச்சி வேண்டுமே, அதற்குப் பக்கத்து வீட்டு ஜெயஸ்ரீயிடம் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவான். அவன் கையெழுத்து அமலாவுக்குத் தெரியாதா? கேட்டதெல்லாம் தப்பு. ஆறு செம்மண்ணாக ஓடும்போது சின்னக் கறுப்பு கேட்டான். அவன் கேட்டதைக் கொடுத்து, கூடவே சரியான ஆரஞ்சு ஒன்றையும் அவள் வைத்து அனுப்புவாள். ஆரஞ்சு மட்டும் மறுநாள் திரும்பி வரும். மீன் அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவன் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு புதன்கிழமை, வாடிக்கையாளர் ஒருவரிடம் அமலா வழக்கமாகச் சொல்வதையே சொன்னாள்: "பசிக்கு கடிக்காதுங்க. கோவத்துக்குத்தான் கடிக்கும்." நூறு முறை சொன்ன வாக்கியம் அன்றைக்குத்தான் அவள் காதிலேயே விழுந்தது. நான்கு வருடமாகத் தான் புண்ணாக்கு வைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது.

மாலை நான்கு மணிக்கே கடையைப் பூட்டினாள். தூண்டிலை எடுத்துக்கொண்டு போய், புடவையைத் தூக்கிச் செருகி, எழிலரசனுக்குப் பத்தடி மேலே ஆற்றில் இறங்கி, அவனுடைய மீனுக்கே வீசினாள். ஜரிகை மின்ன ஆரஞ்சுப் பூச்சி பாறையை ஒட்டி வளைந்து போனது. இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை தூண்டில் வில்லாக வளைந்தது.

"ஏய்! அது என் மீனுடீ! ஒனக்கு அறிவு இருக்குதா?" என்று எழிலரசன் கத்தினான்.

அமலா கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டாள். மீன் தூண்டிலோடு மேல்மலையனூர்ப் பக்கம் போய்விட்டது. அதைப் பற்றி இருவரும் பிறகு யோசிக்கவே இல்லை.

ஏனென்றால் எழிலரசனால் வாயை மூட முடியவில்லை. நான்கு வருடத்தில் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்குமான பதில், தேதி வரிசைப்படி வெளியே வர ஆரம்பித்தது. "ஆமா, கோவந்தான்" என்பது முதல் பதில். புதுமனை புகுவிழா முடிந்து பஸ்ஸில் அவள் கேட்டதற்கு. பிறகு, சாப்ட்டேன். சாப்ட்டேன். குடை வேல செஞ்ச வூட்ல இருக்குது. சாப்ட்டேன். நல்லாத்தான் இருக்குது அந்தப் பச்சைப் புடவை. வேலைக்குப் போன இடத்திலும் ஏணிமேல் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர்கள் காபி கொடுத்துவிட்டு அவர்கள் பாட்டுக்கு டிவி பார்த்தார்கள்.

ஒரு நாளைக்கு மூன்று மாதம் என்ற கணக்கில் போய்க்கொண்டிருந்தது. அமலாவுக்கு முதலில் இனித்தது, ஆறாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டாம் வருடப் பங்குனியில் டெங்கு வந்து படுத்துக் கிடந்தபோது, காய்ச்சல் வேகத்தில் அவனிடம் ஒன்று கேட்டிருந்தாள். நான் செத்துட்டா நீங்க இன்னா பண்ணுவீங்க என்று. அப்போது பதில் வராதது ஒரு விதத்தில் நிம்மதி. இப்போது அவன் பதில்களில் அந்த வருட மாசி முடிந்துகொண்டிருந்தது.

"போதுங்க, இத்தோட நிறுத்துங்க" என்றாள். நிற்கவில்லை. எழுந்து வாசல் வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். நான் மாத்திரை போட்டுட்டனா என்று காய்ச்சலில் அவள் கேட்டதற்கும், மணி என்ன என்பதற்கும் எழிலரசன் பதில் சொல்லி முடித்தான். பிறகு ஒரு மூச்சு விட்டான்.

"நீ செத்துட்டா நான் யார்கிட்ட பேசாம இருக்கறது?"

அமலா முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் அதற்காக நிறுத்தவில்லை, மறுநாள் காலைக்குப் போய்விட்டான். கண் விழித்ததும் தலைமாட்டில் இருந்த கஞ்சியைப் பார்த்து, இதை யார் வைத்தது என்று அவள் கேட்ட காலை அது.

"நாந்தான் வெச்சேன். உப்பு கொஞ்சம் கம்மி, தெரியும்."

"கம்மியா?" என்றாள் அமலா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "உப்பே போடல."