பஞ்சு விரல்

மர மில்லில் அவருக்குப் பெயர் நாலுவிரல். வலது கைச் சுட்டுவிரலை ரம்பம் வாங்கிக்கொண்டு பதினோரு வருஷமாகிறது. புண் ஆறியதும் அதே ரம்பத்தின் முன்னால் வந்து நின்றார். "மிச்சத்தைக் குடுக்க மாட்டேன்" என்று அதனிடமே சொன்ன ஆள்.

மத்தியானம் சாப்பிட்டதும் முக்கால் மணி நேரம் மோட்டார் நிற்கும். எல்லோரும் மரத்தூள் மூட்டைகள் மேல் சாய்வார்கள். அங்கேதான் லாரி டிரைவர் அந்த வித்தையை எடுத்துவிட்டான். முழங்கையை ஊன்றி, கையை நட்டுவைத்தாற்போல நிறுத்திக்கொண்டு படுக்க வேண்டும். கண் அசந்தால் கை சாயும், முழிப்புத் தட்டும். திரும்ப நிறுத்த வேண்டும். அப்படியே போனால் உடம்பு மட்டும் தூங்கிவிடும். நாம் நினைவோடு நேரே கனவுக்குள் நடந்துபோகலாம்.

"யாருடா சொன்னது?"

"போன்ல பாத்தேண்ணே."

"போன்ல பாத்தவனெல்லாம் வைத்தியன், வக்கீல். போடா."

"உள்ள போயிட்டோமான்னு விரலை எண்ணினா தெரியுமாம். கனவுல கணக்குத் தப்புமாம்."

"மாமாவுக்கு முழிச்சிருக்கும்போதே தப்புதே!" என்றான் மச்சினன். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்று, அறுபட்டு வரும் பலகையைக் கையில் வாங்குகிறவன் அவன். மூட்டைகள் குலுங்கச் சிரித்தார்கள்.

டிரைவர் புளுகன் என்று காட்டத்தான் அவர் செய்து பார்த்தார். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் உடம்பு கல்லாகக் கனத்தது. நின்றிருந்த மோட்டார் காதுக்குள் ஓடியது. பயந்தார், ஆனால் அசையவில்லை. அடுத்த நொடி மில்லுக்குள் நின்றார். கையைப் பார்த்தார். ஐந்து.

சுட்டுவிரலால் பலகையைத் தடவினார். சொரசொரவென்று இருந்தது. பிறகு ஓடுகிற ரம்பத்துக்குள் கையை விட்டார். தண்ணீரில் விட்ட மாதிரி போய் வந்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ரம்பம் தோற்றது.

அதன் பிறகு தினமும் அதே வேலை. எழுந்து வந்தாலும் எங்கே நிற்கிறோம் என்று சட்டென்று பிடிபடாது. நாலு என்றால் மில், ஐந்து என்றால் கனவு. எண்ணாமல் ரம்பத்தின் பக்கம் போகமாட்டார்.

குளிர் வந்தது. விரல் போன இடம் குடைந்தது. மனைவி கையுறை தைத்தாள். காலி விரல் தொங்கி எதிலாவது மாட்டப்போகிறதே என்று அதில் பஞ்சை அடைத்தாள்.

"பாருங்க, கை நிறைஞ்சாப்ல இருக்கு."

"பொம்மைக் கை" என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். கட்டை அடுக்கும்போது போடுவார். மோட்டார் ஓடினால் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வார். கையுறையோடு ரம்பத்தை நெருங்கக் கூடாது என்பது மில்லின் முதல் சட்டம்.

அன்றைக்குக் குளிர் கூடுதல். கையுறையோடே படுத்தார். மூன்று தடவை கை சாய்ந்தது. உள்ளே போக முடியவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, தலை கனக்க எழுந்து ரம்பத்தின் முன்னால் போய் நின்றார். கையைப் பார்த்தார். ஐந்து.

அட, வந்துவிட்டோமே! மனசு லேசானது. கையை நீட்டினார்.

பஞ்சு பறந்தது.

"மாமா!" மச்சினன் பாய்ந்து சுவிட்சை அடித்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

கையுறையை உருவினார். "எண்ணுடா."

"என்ன மாமா இது..."

"எண்ணுடாங்கிறேன்."

"நாலு."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கனவிலும் இவன் அந்தப் பக்கம் நின்றிருக்கிறான். கனவிலும் மாமா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

சாயங்காலம் மனைவி கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பஞ்சு எங்க?"

"எலி."

"கொண்டாங்க, வேற அடைச்சுத் தாரேன்."

அவரே கத்தரிக்கோலை எடுத்து அந்த விரலை அடியோடு வெட்டினார். "வாயை மூடித் தை. எனக்கு நாலுதான்."

மறுநாள் மத்தியானம் அவர் படுக்கவில்லை. வெறும் கட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மோட்டாரைப் போடப் போன மச்சினனைக் கூப்பிட்டார்.

"இனிமே ரம்பத்துப் பக்கம் நீ நில்லு. நான் பலகை வாங்கறேன்."

"மாமா, உங்க இடம் அது."

"முதல்ல கையைக் காட்டு."

இரண்டு கையையும் காட்டினான். பத்து. எண்ணி முடித்துவிட்டு, அவன் கையை விடாமல் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார்.