தெபோரா படித்த பள்ளிக்கூடங்கள்

1984 ஜூன் மாதம், பள்ளி திறந்த நான்காம் நாள், ராஜபாளையத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் மணி ஒலிப்பதை நிறுத்திக்கொண்டது. மணி என்றால் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான். பியூன் சங்கிலிப்பாண்டி சுத்தியலின் பிடி உடையும்வரை அடித்தார். பஞ்சு மூட்டையில் அடித்ததுபோல இருந்தது. அன்று வகுப்பு முடிந்ததே யாருக்கும் தெரியாமல், ஐந்தரை மணிக்குப் பெற்றோர் தேடி வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். காரணம் ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தெபோரா என்று கண்டுபிடிக்க ஒரு வாரமானது. முதல் மூன்று நாளும் மணி அடித்தபோதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு, சுவரில் தலையை முட்டி, நெற்றி வீங்கும்வரை அலறியவள் அவள்தான். அவள் வராத நாளில் மணி ஒழுங்காக ஒலித்தது. தலைமை ஆசிரியர் டி.சி. எழுதினார். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் 'மணி' என்று ஒரே சொல்.

தெபோராவின் அம்மா ஞானபாக்கியம் நூல் மில்லில் கோனில் நூல் சுற்றும் மெஷின் ஓட்டினாள். அப்பா பொன்னுராஜ் சைக்கிள் கடை வைத்திருந்தார். பிள்ளை யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கேட்ட கேள்வியையே பதிலாகத் திருப்பிச் சொல்வாள். கடையில் கிடக்கும் பால்ரஸ் இரும்புக் குண்டுகளை நாள் முழுக்க வரிசை வைப்பாள். மில் சங்கு ஊதினால் மட்டும் சிரிப்பாள். அதனால் மில் சங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது பள்ளியில் மின்சார மணி. மூன்று எலக்ட்ரீசியன்கள் வந்து பார்த்து, கரண்ட் போகிறது, சத்தம்தான் வரவில்லை என்றார்கள். மூன்றாவது பள்ளியில் வெண்கல மணி. அது ஒரு நாள் தாங்கியது.

1987இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் இருந்த சின்னப் பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. தலைமை ஆசிரியை இசக்கியம்மாள் மணி நின்றுபோனதைப் பார்த்துவிட்டு, "சத்தம் இல்லாட்டா என்னம்மா, கண்ணு இருக்குல்லா" என்று ஒரு சிவப்புத் துண்டைத் தூணில் கட்டத் தொடங்கினார். துண்டு தொங்கினால் வகுப்பு, அவிழ்த்தால் விடுதலை. ஞானபாக்கியம் மில் வேலையை விட்டுவிட்டுத் தினமும் மகளோடு பஸ்ஸில் போய்வந்தாள். பதினான்கு மாதத்தில் தெபோரா எழுத்துக்கூட்டிப் படித்தாள். டீச்சரின் மேசைக்கு எதிரே நின்றே படித்ததால் புத்தகத்தைத் தலைகீழாக வைத்தால்தான் அவளுக்கு வாசிக்க வரும். ஒருநாள், யாரும் கேட்காமலே, "டீச்சர், பசிக்கு" என்றாள். அது அவள் சொந்தமாகச் சொன்ன முதல் பேச்சு. இசக்கியம்மாள் வராந்தாவில் நின்று அழுதார். அடுத்த ஆண்டு அவருக்குக் கான்சாபுரம் பக்கம் மாற்றல் வந்தது. புதிய தலைமை ஆசிரியர் துண்டை அவிழ்த்து மேசை துடைக்கக் கொடுத்தார்.

அதன் பிறகு பள்ளியில் சேர்க்கச் சொல்லி மூன்று ஆண்டுகள் மனுக்கள். மதுரையில் ஒரு டாக்டர், இதற்கு ஆட்டிசம் என்று பெயர், பிள்ளையின் மேலும் தப்பில்லை உங்கள் மேலும் தப்பில்லை என்று சொல்லிச் சீட்டில் எழுதிக்கொடுத்தார். கல்வி அலுவலகக் கிளார்க் சுந்தரபாண்டியன் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது எங்க லிஸ்ட்ல இல்லையேம்மா" என்றார். மணி தேவைப்படாத பள்ளி என்பதால் காது கேளாதோர் பள்ளிக்குப் போகச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்கள். அங்கே ஒருவர் தெபோராவுக்குப் பின்னால் நின்று ஒரு தீக்குச்சியைத் தரையில் போட்டார். தெபோரா திரும்பிப் பார்த்தாள். காது கேட்கும் பிள்ளையைச் சேர்க்க விதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"விட்டுருட்டி பாக்கியம். வீட்டுல இருந்துட்டுப் போட்டும். கஞ்சி ஊத்த நான் இல்லையா?" என்றார் பொன்னுராஜ்.

"நீங்க ஊத்துவீய. நமக்குப் பொறவு யாரு ஊத்துவா?"

அடுத்த மனுவுக்கு வெள்ளைத்தாளைப் பொன்னுராஜே வாங்கிவந்தார்.

1992இல் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளி பதின்மூன்று வயது தெபோராவை ஐந்தாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஒரு மாதம் எந்தப் புகாரும் இல்லை. மணியும் ஒழுங்காக ஒலித்தது. மகள் மாறிவிட்டாள் என்று ஞானபாக்கியம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தெபோரா மட்டும் விரல் நகங்கள் பிய்ந்து வீட்டுக்கு வந்தாள். ஏன் என்று கேட்டால் ஏன் என்றாள். ஒருநாள், மறந்துவிட்டுப்போன சாப்பாட்டைக் கொடுக்கப் போன ஞானபாக்கியம் ஐந்தாம் வகுப்பில் அவளைக் காணவில்லை. பள்ளிக்குப் பின்புறம், உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறை வெளியே தாழிட்டிருந்தது. அந்தக் கதவைச் சாத்தினால் மணி ஒலிக்கிறது என்று அவர்கள் இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தார்கள்.

"ஆர்டர்ல சேத்துக்கிடணும்னுதான் போட்டிருக்கு. எங்க உக்கார வைக்கணும்னு போடலையேம்மா" என்றார் வகுப்பு வாத்தியார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தபோது தெபோரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஞானபாக்கியம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். எட்டு வருடமாக அடக்கிவைத்ததெல்லாம் வர, வாயைத் திறந்து அழுதாள். சத்தம் வரவில்லை. தொண்டை அதிர்ந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, சத்தம் மட்டும் இல்லை. முன் சீட்டுக்காரர் திரும்பவே இல்லை. கண்டக்டர் வந்து, எங்கே இறங்கணும் என்று கேட்டார். "பழைய பஸ் ஸ்டாண்டு, ரெண்டு" என்றாள். அது தெளிவாகக் கேட்டது. பக்கத்தில் தெபோரா இரண்டு கையையும் காதுகளிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டிருந்தாள். தன் அழுகை மகளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போதுதான் ஞானபாக்கியத்துக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு தெபோரா எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. ஞானபாக்கியத்தின் குரலுக்கு வேறு குறை ஒன்றும் இல்லை. காய்க்காரியிடம் பேரம் பேசினாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடினாள். அழுகைக்கு மட்டும் சத்தம் கிடையாது. பக்கத்து வீட்டு இருளம்மாள் அதைத் தெரிந்துகொண்டு, வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டே உள்ளே வருவாள். அழுதுகொண்டிருந்தால், "பொறவு வாரேன்" என்று போய்விடுவாள்.