தோளில் போட்டு ஓடியவன்

மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்று தரும் முகாமை ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் வைத்திருந்தார்கள். இருபத்தாறு படிகள். லிஃப்ட் இல்லை.

தினேஷ் சக்கர நாற்காலியில் கீழேயே இருந்தான். நான்கு வருடங்களுக்கு முன்புவரை ஏசி மெக்கானிக். மழையில் தாமல் ஏரி நிரம்பிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதகின் மேலிருந்து தலைகீழாகக் குதித்தான். அடியில் கல் இருந்தது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கி, நெஞ்சுக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

அவனைத் தண்ணீரிலிருந்து இழுத்தவன் அண்ணன் உமாபதி. தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான். நண்பன் ஓட்டிய பைக்கில் தம்பியை நடுவில் உட்காரவைத்து, பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனான். பிறகு மாற்றிய சென்னை ஆஸ்பத்திரியில் கண்மூடிக் கிடந்த தினேஷின் கட்டிலருகே நின்று டாக்டர் சொன்னார்: "கழுத்து அசையாம பலகையில படுக்க வெச்சு கொண்டு வந்திருக்கணும். தூக்கினதுல அடி இன்னும் மோசமாகியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது." உமாபதி அதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்ற அம்மாவிடம்கூட.

இப்போது தற்காலிகச் சான்றின் காலம் முடிந்துவிட்டது. பேட்டரி நாற்காலிக்கு விண்ணப்பிக்க நிரந்தரச் சான்று வேண்டும்.

"நாலு பேரு சேர்ந்து தூக்கினு போங்க. எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க," என்றாள் பெயர் பதிந்த பெண்.

"வேணாம் மேடம். டாக்டர் கீழ வரட்டும். படி ஏற முடியாதவனுக்கு மாடியில முகாம் வெக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. வர மாட்டாருன்னா எழுதிக் குடுங்க," என்றான் தினேஷ்.

அவள் மேலே போனாள். ஒரு மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. உமாபதி பொறுமை இழந்தான்.

"பிடிவாதம் பண்ணாதடா. நானே தூக்கினு போறேன்."

"நீ ஒரு தடவ தூக்கினது போதும்ணா."

உமாபதியின் கை நாற்காலியின் பிடியிலேயே நின்றுவிட்டது. "எப்ப தெரிஞ்சிது உனக்கு?"

"டாக்டர் சொன்னப்பவே. முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

"நாலு வருஷமா கேக்கவே இல்லியே."

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தினம் என்னைத் திருப்பிப் போடும்போதெல்லாம், இன்னிக்கி சொல்லுவேன்னு நெனப்பேன்."

"சொல்லியிருந்தா நீ என்னை உம்மேல கை வெக்கவே விட்டிருக்க மாட்ட."

"விட்டிருப்பேன். வேற யாருணா இருக்காங்க எனக்கு?"

உமாபதி நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டான். தம்பி முகம் அங்கிருந்து தெரியாது.

"தெரியாமதான் தூக்கினேன். நீ செத்துட்டேன்னு நெனச்சேன்டா."

"தெரியும். நீ தூக்கலன்னா முழுகியிருப்பேன். அதுவும் தெரியும். ஆனா கோவம் இல்லேன்னு சொன்னா அது பொய்."

மேலும் ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் இறங்கி வந்தார். மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்திலேயே பரிசோதித்தார். விரல்களை மடக்கச் சொன்னார், ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். அடிபட்டது எப்படி என்று கேட்டார்.

"ஏரியில குதிச்சேன் சார்," என்றான் தினேஷ்.

"நான்தான் சார் தோள்ல போட்டுக்கினு ஓடினேன்," என்றான் உமாபதி. "கழுத்து தொங்கிக்கினு இருந்துச்சி. பைக்ல உக்கார வெச்சேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். படிவத்தில் அதை எழுத இடமில்லை. 'நீரில் குதித்தபோது' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

தங்கள் ஊரான முசரவாக்கத்துக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் போனதும் தினேஷ் அம்மாவைக் கூப்பிட்டுத் தன்னைக் கட்டிலில் மாற்றச் சொன்னான். அவளால் தனியாக முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தாள். உமாபதி வாசலிலேயே நின்றான். மறுநாளும் அம்மாதான் தினேஷைத் திருப்பிப் போட்டாள்.

மூன்றாம் நாள் காலை உள்ளேயிருந்து தினேஷின் குரல் வந்தது.

"அம்மாவுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சாம். நீயே வா."

உமாபதி போனான். முதலில் கழுத்துக்கு அடியில் கைகொடுத்தான். தினேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.