நாலு தளக் கட்டடத்தில் 5-சி வீடு

வேன்டர்லிப் உயர்நிலைப் பள்ளியில் படித்த நான்கு வருடமும் யாதிரா பாத்திஸ்தா, தரைத்தளத்தையும் சேர்த்து நாலே தளங்கள் உள்ள ஒரு கட்டடத்தின் ஐந்தாவது தளத்தில் குடியிருந்தாள். காலையில் அங்கிருந்து கிளம்பி வருவாள், மாலையில் அங்கேயே திரும்பிப் போவாள். ஒருநாள்கூடப் பள்ளிக்குத் தாமதமாக வந்ததில்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

தப்பு அவளுடையதல்ல, அவள் அம்மா ஒதாலிஸ் எழுதிக் கொடுத்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் எந்தத் தெருவில் குடியிருக்கிறாய் என்பதை வைத்துத்தான் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று முடிவாகும். ஒதாலிஸ் இருந்தது ஜெரோம் அவென்யூவில், ரயில் தலைக்கு மேலே ஓடுகிற தெரு. அந்தத் தெருவுக்கு ஒதுக்கிய பள்ளியிலிருந்து போன குளிர்காலம் அவள் கட்டடத்துப் பெண் ஒருத்தி கன்னத்தில் பதினொரு தையலோடு வீடு திரும்பியிருந்தாள். அதைப் பார்த்த பிறகு பெற்ற பெண்ணை அங்கே அனுப்ப யாருக்கு மனசு வரும்? நல்ல தெருவில் அத்தையோ சித்தப்பாவோ இருக்கிறவர்கள் அவர்கள் முகவரியை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஊரே செய்கிற காரியம், பாதிரியாரின் தங்கையே செய்தாள். ஒதாலிஸுக்கு நியூயார்க்கில் நாதி கிடையாது. டொமினிக்கன் நாட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவளுக்கு ஏது அத்தை? பஸ் ஜன்னல் வழியாக ஹோலிஸ்டர் அவென்யூவில் ஒரு வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து வைத்திருந்தாள், வாசலில் பூந்தொட்டியும் பித்தளைக் கைப்பிடியுமாக. அதன் எண்ணை எழுதி, வீடு 5-சி என்று போட்டாள். மாடியை எண்ணிப் பார்க்கவில்லை. நகல் எடுக்கும் கடைக்காரன் அந்த முகவரிக்கு ஒரு மின்கட்டண ரசீதும் அச்சடித்துத் தந்தான். எழுத உட்கார்ந்த கை அதோடு நின்றதா என்றால் இல்லை. தாயின் தொழில், நர்ஸ். வீட்டில் பேசும் மொழி, ஆங்கிலம். பாடம் சொல்லித் தர ஆள் உண்டா? தினமும் உண்டு. துணிந்தது துணிந்தாயிற்று, இதில் கஞ்சத்தனம் எதற்கு என்று நினைத்திருப்பாள், பாவம்.

1993 செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாள், யாதிரா நாலாயிரத்து முந்நூறு பிள்ளைகளோடு உள்ளே போனாள். ஒதாலிஸ் வேலைக்கு விடுப்புப் போட்டு, சோறும் சிவப்பு பீன்ஸும் ஆக்கி, வாழைக்காய் பொரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாலு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. அதற்கு மேல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கு ஓடினாள். வாசலில் உலோகச் சோதனைப் பொறிக்குப் பக்கத்தில் காவல் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் பெட்டிஃபோர்ட், ஆஜானுபாகுவான கறுப்பினப் பெண்மணி, கையில் பூட்டுச் சாவியோடு நின்றாள்.

"என்னம்மா, பள்ளிக்கூடம் விட்டு மூணு மணி நேரம் ஆச்சே."

"என் பொண்ணு வரல மிஸ். யாதிரா பாத்திஸ்தா. முதல் வருஷம்."

பெட்டிஃபோர்ட் நல்ல மனசுக்காரி. பூட்டின அலுவலகத்தைத் திறந்து காகிதத்தைத் தேடி எடுத்தாள்.

"எட்டு பீரியடும் இருந்திருக்கா. ரெண்டு நாப்பதுக்கு வீட்டுக்குக் கிளம்பிட்டா. இங்க பாரு, ஹோலிஸ்டர் அவென்யூ, 5-சி. நீ அங்கதானே இருக்க?"

 ஒதாலிஸ் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அந்தத் தெருவுக்குப் போனாள்.

அங்கே போய் நின்றபோதுதான் முதல்முறையாக மாடியை எண்ணினாள். நாலு. நான்காவது தளத்தில் 4-சி வீட்டில் இருந்த வைன்ட்ராப் கிழவர், கதவைத் திறந்ததுமே சண்டைக்கு வந்தார்.

"மேல் வீட்டுக்காரங்களைப் பார்க்க வந்தியா? நல்லாச் சொல்லிட்டுப் போ. மத்தியானத்துலேர்ந்து நாற்காலிய இழுத்துக்கிட்டே இருக்காங்க."

"மேல வீடு இருக்கா சார்?"

"எங்கம்மா இருக்கு? மேல வெறும் தார் போட்ட மொட்டை மாடியும் புறாவும்தான். அதுக்காகச் சத்தம் போடலாமா?"

ஒதாலிஸ் எதிர்ச் சாரிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். கூரைக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் ஒரு ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. மேசை மேல் குனிந்திருந்த தலை யாதிராவுடையது, காலையில் தானே பின்னிவிட்ட சடை. பக்கத்தில் ஒரு பெண்மணி நின்று நோட்டில் ஏதோ விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். ஒதாலிஸ் தொண்டை கிழியக் கத்தினாள். பஸ் சத்தத்தில் அது மேலே ஏறவில்லை. போலீஸ் நிலையத்தில் விவரம் கேட்ட சார்ஜன்ட், பள்ளியில் ஆஜராகி, பதிவில் உள்ள முகவரிக்குத் திரும்பிய பிள்ளையைக் காணாமல் போன பிள்ளை என்று எழுதச் சட்டத்தில் இடமில்லை என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

மறுநாள் காலை ஒதாலிஸ் ஜெரோம் அவென்யூ ரசீதுகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு வந்தாள். குமாஸ்தா பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், திட்டவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. வருடத்துக்கு நாற்பது பேர் இப்படி வருவார்கள் போலிருக்கிறது.

"முகவரிய மாத்தினா இன்னைக்குச் சாயந்தரமே உன் வீட்டுக்கு வந்துடுவா. ஆனா திங்கக்கிழமையிலேர்ந்து உங்க தெருப் பள்ளிக்கூடம்தான். இதுல கையெழுத்துப் போடு."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்து போடறேன் மிஸ்."

418-ஆம் அறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. ஒதாலிஸ் அதில் கண்ணை வைத்தாள். இரண்டாவது வரிசையில் யாதிரா. ஆசிரியர் கரும்பலகையில் ஏதோ கேட்க, வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது, யாதிராவின் கை மட்டும் மேலே போனது. ஜெரோம் அவென்யூவில் கடையில் சில்லறை பாக்கி கேட்கக்கூட வாய் திறக்காத பெண். எழுந்து நின்று பதில் சொன்னாள், ஆசிரியர் சிரித்தார், அவளும் சிரித்தாள். கதவைத் தட்ட மடக்கிய விரல்கள் அப்படியே நின்றன. பெற்ற வயிறு எரிந்தது, மனசோ பூரித்துப் போயிற்று. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்குவது லேசான காரியமா? கீழே இறங்கி வந்து, முகவரி சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போடாத தாளைத் திருப்பிக் கொடுத்தாள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு நான்கு வருடம் வரவில்லை.

ஆனால் பள்ளியை விட்டு அவள் போகவும் இல்லை. ஆஸ்பத்திரி வேலை மாலை நாலு மணிக்குத்தான். காலையில் எட்டு மணிக்கே வந்து, பார்வையாளர் வில்லையைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவாள், பெண்ணின் முதுகையாவது பார்க்கலாம் என்று. வகுப்பு மாறும் நாலு நிமிடத்தில் நாலாயிரம் பிள்ளைகள் தாழ்வாரத்தில் பாயும்போது அதுவும் கிடைக்காது. நடந்து நடந்து, கட்டடம் மட்டும் அவளுக்கு அத்துபடியாயிற்று. 325-க்குப் பக்கத்தில் 327 இல்லை, அதற்கு நீச்சல் குளம் வழியாகப் போக வேண்டும் என்று தெரிந்தது. மூடிப் போட்டு இருபது வருடமான சமையல் வகுப்பில் இன்னும் ரொட்டி வேகும் வாசனை வரும், அது வடக்குப் படிக்கட்டு நெருங்கிவிட்டதற்கு அடையாளம் என்று தெரிந்தது. திக்குத் தெரியாமல் நின்ற மற்றத் தாய் தகப்பன்மார் அவளைப் பள்ளி ஆள் என்று நினைத்து வழி கேட்டார்கள். அவளும் சொன்னாள். கானா நாட்டுக்காரர் ஒருவருடைய இரட்டைப் பிள்ளைகளை ஒரே பிள்ளை என்று பதிந்துவிட்டதில், இருவரும் சரிபாதி எடைக்கு இளைத்துப் போயிருந்தார்கள். எந்த மேசையில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று ஒதாலிஸ் சொல்லிக் கொடுத்தாள், மூன்று வாரத்தில் இரண்டும் கொழுகொழுவென்று ஆகிவிட்டன.

இரண்டாம் வருடம் இதையெல்லாம் எழுதி நகல் எடுத்தாள். பதினொரு பக்கம், ஸ்பானிய மொழியில். பெட்டிஃபோர்ட் தன் அக்கா மகளைப் பிடித்து அதை ஆங்கிலத்திலும் எழுத வைத்தாள். 'வேன்டர்லிப்பில் பிள்ளையைத் தொலைக்காமல் இருக்க' என்று பெயர். அலுவலகத்துக்கு மூன்றாம் பீரியடில் போங்கள், அதற்கு முன்னால் யாரும் காபி குடித்திருக்க மாட்டார்கள். ஆலோசகர் ஒருவருக்கு ஐந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், அதனால் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் புண்ணியமில்லை, எண்ணைச் சொல்லுங்கள். பெற்றோர் சந்திப்பு மாலையில் ஓர் ஆசிரியருக்கு மூன்று நிமிடம்தான், அதில் ஒரு நிமிடத்தை வணக்கத்தில் கரைக்காதீர்கள். உங்கள் பிள்ளை வந்திருப்பதாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு, மேலே போய் உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில்: சொந்த முகவரியை மட்டும் எழுதுங்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு தங்கள் பிள்ளைகளை மீட்டவர்கள் அந்த வட்டாரத்தில் இருநூறு குடும்பமாவது இருக்கும்.

மூன்றாம் வருடம் பெற்றோர் சந்திப்பு மாலையில் ஒதாலிஸ் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு ஆறரை மணிக்கே கணக்கு ஆசிரியர் ஹாலோரனின் வரிசையில் போய் நின்றாள். முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸஸ் பாத்திஸ்தா, இப்பத்தானே பேசிட்டுப் போனீங்க? எதையாவது மறந்துட்டீங்களா? ஓ, கோட்டை மாத்தியிருக்கீங்க."

மேசை மேலிருந்த பெயர்த் தாளில் நாலாவது வரியில் ஒதாலிஸ் பாத்திஸ்தா என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான், கொஞ்சம் திருத்தமாக. அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

"தயவு செஞ்சு இன்னொரு தடவை சொல்லுங்க சார். கேட்கணும் போல இருக்கு."

ஹாலோரன் சிரித்தார். "இது நல்லா இருக்கே! சரி, உங்களுக்கு இல்லாததா? தொண்ணூத்தாறு மார்க். என் இருபது வருஷத்துல இப்படி ஒரு பொண்ணப் பார்த்ததில்ல. எல்லாம் வீட்ல எங்கம்மா சொல்லித் தர்றதுதான்னு சொல்றா. ஆஸ்பத்திரியிலேர்ந்து அவ்வளவு களைச்சு வந்தும் தினமும் பக்கத்துல உட்கார்ந்துக்கறீங்களாமே. உங்களைப் பத்திப் பேசினா அவ முகத்தைப் பார்க்கணும் நீங்க."

மூன்று நிமிடம் முடிந்ததும் ஒதாலிஸ் எழுந்துகொண்டாள். அவள் படித்தது ஆறாவது வரை. பின்னத்தைக் கூட்டக்கூடத் தெரியாது. பெண்கள் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், சத்தம் போட்டே அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, வாசலில் வழி தெரியாமல் நின்ற ஒரு ஹைட்டி தம்பதியை 327-க்குக் கூட்டிப் போய் விட்டாள்.

அந்த வருடம் இன்னும் இரண்டு முறை அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள், இரண்டு முறையும் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். குமாஸ்தா பெண் கடைசியில், "நீ மாத்தவும் மாட்ட, விடவும் மாட்ட" என்று அலுத்துக்கொண்டாள். நான்காம் வருடம் வசந்தத்தில் யாதிராவுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டணச் சலுகையோடு இடம் கிடைத்த செய்தி பள்ளி அறிவிப்புப் பலகையில் வந்தது. ஒதாலிஸ் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பக்கத்தில் வந்து நின்ற பெட்டிஃபோர்ட் தன் பெரிய கையை அவள் தோளில் போட்டுக்கொண்டாள். இந்த நான்கு வருடத்தில் பெட்டிஃபோர்ட்டுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது யாருக்கும் தெரியாது.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு குடும்பத்துக்கு இரண்டே நுழைவுச்சீட்டு. அவை தபாலில் பதிவு முகவரிக்குப் போய்விட்டன. முதல்வரே கூப்பிட்டு ஒதாலிஸுக்கு, பெற்றோர்களுக்குச் செய்த சேவைக்காக, மேடையில் ஒரு நாற்காலி தருகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். உச்சி வெயிலில் வாசல் கம்பி வேலிக்குப் பக்கத்தில், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, பூ விற்கிறவர்களோடு நின்றாள். விழா முடிந்ததும் பதிவு முடிந்துபோகும், பள்ளிக்கும் பிள்ளைக்கும் பேச்சு முடிந்தது, அதன் பிறகு அந்த முகவரிக்கு என்ன அதிகாரம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தாள். தப்பான கணக்கு என்று யார் சொல்ல முடியும்? இன்றைக்கு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று நம்பினாள். கட்டிலுக்குப் புது விரிப்புகூட வாங்கி வைத்திருந்தாள்.

ஒன்றரை மணிக்குக் கதவுகள் திறந்தன. நீல அங்கியும் தட்டையான தொப்பியுமாகப் பிள்ளைகள் கொட்டினார்கள். யாதிரா அம்மாவைவிட ஒரு சாண் உயரமாக வளர்ந்திருந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் செருப்பு போட்ட ஒரு பெண் வந்தாள். ஒதாலிஸின் அதே முகம், தாடையில் அதே மச்சம். பத்து வருடம் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால் ஒதாலிஸ் அப்படித்தான் இருந்திருப்பாள். இருவரும் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். பிறகு நேராக அவளிடம் வந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க, எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்று அந்தப் பெண் கேமராவை நீட்டினாள்.

ஒதாலிஸ் நான்கு வருடமாகப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தாள். யாதிராவின் முகத்தைப் பார்த்தாள். அதில் பயமில்லை, பசியில்லை, கன்னத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"என் தொப்பி நேரா இருக்கா ஆன்ட்டி?" என்று யாதிரா கேட்டாள்.

"இடது பக்கம் கொஞ்சம் இறக்கு கண்ணு. ஆங், போதும். அம்மா பக்கத்துல இன்னும் நெருங்கி நில்லு."

யாதிரா நெருங்கி நின்றாள். ஒதாலிஸ் ஒரு படம் எடுத்தாள். பிறகு, முதலாவதில் யாராவது கண்ணை மூடியிருந்தால் என்ன செய்வது என்று, அசையாமல் நிற்கச் சொல்லி இன்னொன்றும் எடுத்தாள்.