ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல்

…அப்புறம் ஊர், அப்புறம் படிப்பு, அப்புறம் குடும்பம், எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நிற்கிறது, பயமா, தேவிகாவுக்கா, குடியாத்தத்தில் விசைத்தறி இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்தி இங்கிலீஷ் படித்தவளுக்கு இந்தத் தையல் மிஷின்கள் எல்லாம் எந்த மூலைக்கு… இந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் அது ஒரு வழக்கம், ஆபீஸ் வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் நாள் காலையில் தையல் ஃப்ளோர் தொழிலாளர்கள் மொத்தப் பேருக்கும் முன்னால் நின்று தங்களைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டும், ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் எழுதப் போகிறவள் நாலு பேர் முன்னால் வாய் திறக்கட்டுமே என்று எச்.ஆர். மேடம் ரஃபத் ஜஹான் சிரித்துக்கொண்டே சொன்னார். திறந்தால் போயிற்று. ஆனால் அந்த ஒரு வரி, குடும்பம் என்று வருகிற இடத்தில், அதை மட்டும் என்ன செய்வது… காலையில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாளே, "யாராச்சும் கேட்டா வூட்டுக்காரரு பெங்களூர்ல வேலைன்னு சொல்லிடு, ஜாஸ்தி பேசாத." பெங்களூராம், பெங்களூர்! அந்த ஆள் வேலூர் லாங் பஜாரில் பாத்திரக் கடையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறான். ஃபோனில் இவள் இரண்டு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் "தோ பாரு, துரைசாணி" என்று கடைக்கு வந்தவர்களிடம் காட்டிச் சிரித்தவன், ஒரு நாள் பேசிக்கொண்டிருந்த வாயிலேயே அறைந்தவன். கோர்ட்டில் எல்லாம் முடிந்து போன வருஷமே தீர்ப்பும் வந்துவிட்டது, அம்மாவுக்கு மட்டும் அவன் இன்னும் பெங்களூரில். போன கம்பெனியில் அம்மா பேச்சைக் கேட்டு அப்படித்தான் சொன்னாள், தீபாவளிக்கு வர்றாரா, பொங்கலுக்கு வர்றாரா, ஏன் வரல என்று கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணிவிட்டார்கள், இல்லாத மனுஷனுக்குக் காய்ச்சல் வந்ததாகக்கூடப் பொய் சொல்ல வேண்டியிருந்தது. இங்கேயும் அதே கூத்தா, முடியவே முடியாது.

"குட் மார்னிங், ஐ ஆம் தேவிகா" என்றதும் படபடவென்று கைதட்டல். முடிந்துவிட்டது என்று நினைத்தார்களோ… "ஐ ஆம் ஃப்ரம் குடியாத்தம்", மறுபடியும் கைதட்டல், ஊர்ப்பெயர் புரிந்ததால் இன்னும் பலமாக. ஓகோ, இங்கிலீஷில் மூச்சு வாங்கினால் தட்டுவார்கள் போல, வரிசை வரிசையாக நிற்கும் இந்தப் பெண்கள், தட்டட்டும், நன்றாகத்தான் இருக்கிறது, குரல் தானாகவே நிமிர்கிறது. எம்.காம்., கைதட்டல். அப்பா லுங்கி நெய்கிறார், கைதட்டல். இதோ வந்துவிட்டது அந்த இடம், தாண்டிப் போய்விடலாமா, போனால் பெங்களூர்தான்… "மை மேரேஜ் வாஸ் டிசால்வ்ட் லாஸ்ட் இயர்." ஆயிற்று, சொல்லியாயிற்று, தடுமாறாமல், கல்யாணம் ரத்து என்று கோர்ட் தீர்ப்பில் இருந்த அதே வார்த்தையில்! அதற்கும் தட்டினார்கள், முன் வரிசையில் ஒரு அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ரஃபத் மேடம் மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மெல்லத் தட்டினார். குடியாத்தத்தில் தெருவே வாயில் கை வைத்த விஷயத்துக்கு ஆம்பூரில் கைதட்டல், சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது, எவ்வளவு லேசாக இருக்கிறது, இவ்வளவுதானா…

டீ நேரத்தில் அந்த முன் வரிசை அக்கா நேராக இவளிடமே வந்தார். பெயர் ஆரோக்கியமேரி, ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். "சூப்பரா பேசின மேடம், ஒண்ணும் புரியல, ஆனா சூப்பரு. வூட்டுக்காரரு எந்தக் கம்பெனி?" எந்தக் கம்பெனி… இந்தப் பக்கத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான், பதிலுக்கு அம்மாவின் பெங்களூர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அட, காலையில் அத்தனை பேர் முன்னால் சொன்னவளுக்கு ஒரே ஒருத்தரிடம் சொல்ல ஏன் இவ்வளவு தயக்கம்?

"டைவர்ஸ் ஆயிடுச்சிக்கா. நான்தான் வேணாம்னு வந்துட்டேன்."

ஆரோக்கியமேரி டீயை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தார். "அய்ய… காலைல அதையா சொன்ன? நாங்க தட்டினமே!"

"அதுக்கும்தான் தட்டினீங்க."

"புரிஞ்சிருந்தா தட்டியிருப்பமோ, இன்னாவோ…" என்றார், பொய் சொல்லத் தெரியாத முகம். "சரி, டீ ஆறுது, குடி."

அவர் தன் வரிசைக்குப் போய்ப் பக்கத்துப் பெண்ணின் காதருகே குனிவது தெரிந்தது. தெரியட்டும், சாப்பாட்டு மணிக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிடும், இனி யாருக்கும் காய்ச்சல் வர வேண்டாம். டீ இனித்தது. சாயங்காலம் அம்மா கேட்பாள், சொல்லிட்டேம்மா என்று சொல்லிவிட வேண்டும், எல்லோர் முன்னாடியும் சொல்லிட்டேன் என்று… ஆனால் டைவர்ஸ் என்ற வார்த்தை இந்த ஃப்ளோரில் யாருக்குத் தெரியாது? அதை விட்டுவிட்டு இவர்களுக்குப் புரியாத அந்த கோர்ட் வார்த்தையை எடுத்தது எதற்கு, பிறகு அவ்வளவு லேசாக இருந்தது எதனால்… மணி அடித்தது, தேவிகா மிச்ச டீயைக் குடிக்காமலே நின்றாள்.